கித்துல்கலக் காடும் ஐந்து சென்ரிமீற்றர் மனிதனும்

(யுத்த மாதிரிக் காட்சிகளுக்குக் காடு அமைப்பது பற்றி இரத்தினபுரியில் தோட்டப் பாடசாலை மாணவர்களும் மாதிரிக் கலை ஆர்வலர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



யுத்தக் காட்சிகளைச் சின்ன உருவில் செய்து வைக்கும் டயோராமாக் கலையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அதிலும் காடு அமைக்கும் வேலையைப் பற்றி. யப்பானிலிருந்து பெட்டியில் வரும் பிளாஸ்டிக் யுத்த தாங்கியை ஒட்டி வர்ணம் பூசும் பொழுதுபோக்குக்கும் சப்ரகமுவத் தோட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று பின்வரிசையில் யாராவது நினைத்துக்கொண்டிருப்பீர்கள். கித்துல்கலையிலிருந்து தொடங்குகிறேன், சம்பந்தம் தானாகத் தெரியும்.

1957இல் வெளிவந்து ஏழு ஒஸ்கார் விருதுகளை அள்ளிய படம் 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்'. இயக்கியவர் டேவிட் லீன். கதை நடப்பது தாய்லாந்தில். யப்பானியர் பிடித்து வைத்த பிரிட்டிஷ் போர்க்கைதிகள் ரயில் பாலம் கட்டுகிறார்கள். படம் எடுக்கப்பட்டதோ நமது கேகாலை மாவட்டத்துக் கித்துல்கலையில், களனி கங்கைக் கரையில். இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரப் பொறியியல் நிறுவனம் ஒன்று வரைபடம் போட, யானைகள் மரம் இழுக்க, 425 அடி நீளத்தில் நிஜப் பாலமே கட்டினார்கள். 1957 மார்ச்சில் அதை வெடிவைத்துத் தகர்த்தபோது பிரதமர் பண்டாரநாயக்க நேரில் வந்திருந்தார். முதல் நாள் ஒரு கமராக்காரர் உரிய நேரத்தில் விலகாததால் வெடி வைக்கவில்லை. ரயில் பாலத்தைக் கடந்து போய் அக்கரையில் இருந்த மின்பிறப்பாக்கியில் மோதி நின்றது. ரயிலைத் திருத்தி, மறுநாள் காலை பாலத்தை வெடிக்க வைத்தார்கள்.

அந்தப் படத்துக்குப் பிறகு 'பர்மாக் காடு', 'சயாம் காடு' என்று சொன்னால் உலகம் மனதில் பார்ப்பது களனிப் பள்ளத்தாக்கை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உட்கார்ந்து ஆசியக் காட்டைச் செய்கிறவர்கள் பலர் கண்ணால் கண்ட ஒரே ஆசியக் காடு, திரையில் வந்த நம்முடைய காடுதான். நாமோ அதன் வாசலில் குடியிருக்கிறோம். இருந்தும் நம் பிள்ளைகள் டயோராமா செய்யும்போது கடையில் விற்கும் பிளாஸ்டிக் தென்னை மரத்தை வாங்கி நட்டுவிட்டு அதைக் காடு என்கிறார்கள். தென்னை இருக்கும் இடத்தில் ஊர் இருக்கிறது என்பது இங்குள்ள ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும்.

முதலில் கணக்கு. யுத்த மாதிரிகளில் அதிகம் புழங்கும் அளவு 1:35. இந்த விசித்திரமான எண் எங்கிருந்து வந்தது தெரியுமா? 1960களின் தொடக்கத்தில் யப்பானின் டமியா நிறுவனம் மோட்டார் பூட்டிய பாந்தர் தாங்கி ஒன்றைச் செய்தது. உள்ளே பற்றரிகள் அடங்கவேண்டும் என்று உடலின் பருமனைத் தீர்மானித்தார்கள். பிறகு அளந்து பார்த்தால் நிஜத்தில் 35இல் ஒரு பங்கு. அதுவே உலக வழக்கமாகிவிட்டது. இந்த அளவில் நடுத்தர உயரமுள்ள மனிதன் ஐந்து சென்ரிமீற்றர். கித்துல்கலப் பாலத்தைச் செய்தால் 12 அடி. உங்கள் லயத்துக் காம்பராவில் குறுக்கே வைக்க இடம் இருக்காது. சிங்கராஜ வனத்தில் 40 மீற்றர் வளரும் ஹோரா மரம் ஒரு மீற்றரைத் தாண்டி நிற்கும். இருபது மீற்றர் இறப்பர் மரம் 57 சென்ரிமீற்றர்.

இந்த எண்களைப் பார்த்துப் பயந்துதான் பெரும்பாலானோர் மரத்தைக் குள்ளமாக்கிவிடுகிறார்கள். சிப்பாயின் உயரத்தைப் போல நாலு மடங்கில் ஒரு மரம், அதன் கீழே ஒரு தாங்கி. பார்க்கத் தோப்பு மாதிரி இருக்கும், காடு மாதிரி இருக்காது. பெரிய மரத்தைக் குறுக்காதீர்கள். அடிமரத்தை மட்டும் சரியான பருமனில் செய்து, காட்சியின் மேல்விளிம்பில் வெட்டி விடுங்கள். பார்க்கிறவன் கண் உச்சியைத் தானே கற்பனை செய்துகொள்ளும். காட்டுக்குள் நிற்கிற மனிதனும் உச்சியைப் பார்ப்பதில்லையே.

இனி காட்டுக்குள் போவோம். வெளியூர்க்காரர் செய்யும் காட்டில் தரையிலிருந்து மேல்வரை கொடியும் செடியும் பின்னிப் பிணைந்து, கத்தியில்லாமல் ஓரடி வைக்க முடியாது. சிங்கராஜ வனத்தில் இறக்குவானைப் பக்கமாகவோ குடவைப் பக்கமாகவோ உள்ளே போனவர்களைக் கேளுங்கள். நன்றாக முதிர்ந்த மழைக்காட்டின் அடியில் வெளிச்சமே இல்லை. மேலே விழும் வெயிலில் நூற்றில் ஒன்றோ இரண்டோ பங்குதான் தரைக்கு வருகிறது. அதனால் கீழே செடி குறைவு. மெல்லிய கன்றுகள், பிரம்பு, பன்னத்தாவரம், ஈர இலைச் சருகு. மரங்கள் கிளையே இல்லாமல் நேராக மேலே போகின்றன. கண்ணுக்குத் தெரியும் தூரம் நீங்கள் நினைப்பதைவிட அதிகம். அந்தப் பின்னல் காடு எங்கே இருக்கிறது? ஆற்றங்கரையில், வீதியோரத்தில், மரம் விழுந்த இடத்தில், ஒருகாலம் வெட்டிக் கைவிட்ட சேனை நிலத்தில். வெயில் விழும் இடத்தில்தான் கொடி ஏறும். யுத்த நூல்களில் சிப்பாய்கள் திட்டித் தீர்க்கும் காடு பெரும்பாலும் இந்த இரண்டாம்நிலைக் காடு. ஆகவே உங்கள் காட்சி எந்த இடத்தில் நடக்கிறது என்று முதலில் முடிவு செய்யுங்கள். ஆற்றோரமா, உட்காடா? இரண்டையும் ஒரே பலகையில் கலந்தால் இரண்டும் கெடும்.

அடுத்தது இலை. மழைக்காட்டு மரங்களில் நூறு வகை இருந்தாலும் இலைகள் பெரும்பாலும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் மாதிரி: நீள்வட்டம், நடுத்தர அளவு, வழவழப்பு, நுனியில் ஒரு கூர்வால். மழைத்தண்ணீர் வழிந்து ஓடுவதற்கு அந்த வால். மாதிரி செய்கிறவனுக்கு இது பெரிய அதிர்ஷ்டம். நல்ல பித்தளை அச்சு ஒன்றே ஒன்று இருந்தால் காட்டில் முக்கால்வாசியைச் செய்துவிடலாம். பத்துப் பதினைந்து சென்ரிமீற்றர் இலை 1:35இல் மூன்று, நான்கு மில்லிமீற்றர். மெல்லிய கடதாசியில் வெட்டி, நடுநரம்பை ஊசிமுனையால் அழுத்தி, விரலில் வைத்து இலேசாக வளைத்து ஒட்டவேண்டும். வளைக்காத இலை ஒருநாளும் இலையாகத் தெரியாது.

வர்ணத்தில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். போத்தல் பச்சையை எடுத்து எல்லாவற்றுக்கும் பூசிவிடுவார்கள். நாக மரத்தைப் பாருங்கள், 1986 முதல் இந்நாட்டின் தேசிய மரம், இங்கே விகாரைக்கு விகாரை நிற்கிறது. கொழுந்து விடும்போது உச்சி முழுவதும் இரத்தச் சிவப்பு. பிறகு இளஞ்சிவப்பு, வெளிர் மஞ்சள் கலந்த பச்சை, கடைசியில் கரும்பச்சை. இலையின் அடிப்புறமோ வெள்ளை பூசியது போல. காற்றடித்தால் மரமே நிறம் மாறும். இறப்பரும் அப்படித்தான். ஆண்டுத் தொடக்கத்தில் இலையுதிரும் காலத்தில் தெஹியோவிட்ட மலைகள் செம்பு நிறத்தில் நிற்பதை நீங்கள் வருடா வருடம் பார்க்கிறீர்கள். பத்து மரத்தில் ஒன்றுக்காவது சிவந்த கொழுந்து வையுங்கள். மண்ணும் அவ்வாறே. சொக்லட் நிற மண் ஐரோப்பிய வயலுக்குரியது. நம் பக்கம் மண் செம்மஞ்சள். வெட்டிய பாதையோரத்தில் கபுக்கல்லின் துருச் சிவப்பு. மழையில் நனைந்தால் அந்தச் சிவப்பு இன்னும் ஆழமாகும்.

பொருட்களுக்கு வருவோம். வெளிநாட்டு இதழ்களில் சொல்லும் சாமான்களுக்கு ஆசைப்பட்டு ஏங்க வேண்டாம். அங்கே காட்டுத்தரை செய்வதற்குக் குடித்து முடித்த தேயிலைத் தூளைக் காயவைத்துப் பயன்படுத்துகிறார்கள். இது அந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த வித்தை. தேயிலைத் தொழிற்சாலைக்கு இரண்டு மைல் தள்ளி வாழும் நீங்கள் இதற்கு யாரிடம் போக வேண்டும்? டஸ்ட் ரகம் மக்கிப்போன மண்ணுக்கு. நமது தாழ்நிலத் தோட்டங்கள் பேர்பெற்ற ஓ.பி. போன்ற இலை ரகங்கள், முறுக்கோடு இருப்பதால், சுருண்ட சருகுக்கு. காம்புக் கழிவு சுள்ளிக்கு. மேலே அங்கங்கே அச்சில் வெட்டிய இலை பத்தோ இருபதோ தூவினால் போதும். ஒன்று கவனம்: தேயிலைச் சாயம் ஈரப் பசையில் கரைந்து பக்கத்தில் இருப்பதையெல்லாம் கறையாக்கும். சாயம் போகும்வரை கொதிநீரில் பலமுறை அலசிய பிறகே காயவையுங்கள்.

கவ்வாத்து வெட்டிய மிலாறு அடுப்புக்கு மட்டும் உரியதல்ல. பல பத்து வருடங்கள் வெட்டி வெட்டி முறுகிய பழைய தேயிலைச் செடியின் அடிக்கட்டை, 1:35இல் விழுந்து கிடக்கும் மரத்துக்கும் வேர்க்குவியலுக்கும் அச்சு அசல். நிற்கும் மரத்துக்கு ஆகாது. காட்டு மரம் அப்படி முறுகாது. நிற்கும் மரத்துக்குச் செப்புக் கம்பியை முறுக்கி, கடதாசிக் கூழ் பூசி, அடியில் பலகை வேர்களைத் தனியே வெட்டி ஒட்டவேண்டும். தும்பு, காய்ந்த நீள்புல்லுக்கு. நம் மலைச்சரிவுகளில் நிற்கும் மானாப் புல்லை நினைத்துக்கொண்டு, கற்றை கற்றையாக நட்டு, நுனியை மட்டும் வெளிறச் செய்யுங்கள். கித்துள் நார் கறுப்பும் விறைப்புமாக இருக்கும். பிரம்பு முள்ளுக்கும் பன்னத்தின் நடுத்தண்டுக்கும் அதைவிட நல்லது கிடையாது.

கற்பாறைக்கு இறப்பர் பால். உலகமெங்கும் பாறை அச்சு எடுக்க இறப்பர் பாலைப் பயன்படுத்துகிறார்கள். ஆற்றங்கரையில் நல்ல வெடிப்பும் மடிப்பும் உள்ள கல் ஒன்றைத் தேர்ந்து கழுவி, பாலைத் தூரிகையால் மெல்லிய பூச்சாகப் பூசி, காய்ந்தபின் இன்னொன்று, அதன்மேல் இன்னொன்று. நடுவில் ஒரு பழந்துணிக் கீலம். தடித்ததும் உரித்தால் கல்லின் தோல் தலைகீழாகக் கையில் வரும். அதில் பிளாஸ்டர் ஒஃப் பாரிஸ் கரைத்து ஊற்றினால் கித்துல்கலப் பாறை உங்கள் மேசையில். சிரட்டையிலிருந்து எடுத்த பால் அப்படியே உதவாது. சில மணி நேரத்தில் திரண்டுவிடும். அமோனியா கலந்து வைத்தாலும் அச்சு நாளடைவில் ஒட்டும் பிசினாகிவிடும். அச்சு வேலைக்கென்று முன்கூட்டியே பதப்படுத்திய பால் விற்கிறார்கள், அதை வாங்குங்கள்.

இரண்டு எச்சரிக்கை. சிங்கராஜ வனத்திலிருந்து ஒரு பாசித் துண்டைக்கூட எடுக்காதீர்கள். அது 1988இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த காடு. எடுப்பது சட்டப்படி குற்றம். பார்த்து, படம் பிடித்து, குறித்துக்கொண்டு வாருங்கள். பொருளைத் தோட்டத்து வேலியோரத்தில் தேடுங்கள். மற்றது ஈரம். இரத்தினபுரி ஆகாயத்தில் வெயிலில் காய்ந்தது காய்ந்ததாகாது. இயற்கைப் பொருள் எதையும் அடுப்புச் சூட்டில் நன்கு உலர்த்தி, ஒட்டியபின் மங்கல் வார்னிஷ் அடித்து, கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்காவிட்டால் ஒரு மழைக்காலத்துக்குள் உங்கள் காட்டில் நிஜப் பூஞ்சணம் முளைக்கும். அளவு மட்டும் 1:1.

காட்டில் காலில் ஏறும் அட்டையை எப்படிச் செய்வது என்று போன தடவை ஒரு தம்பி கேட்டார். மூன்று சென்ரிமீற்றர் அட்டை இந்த அளவில் ஒரு மில்லிமீற்றர்கூட வராது. அட்டையை விடுங்கள், அட்டைக்குப் பயந்த மனிதனைச் செய்யுங்கள்: காற்சட்டை அடியை இறுகக் கட்டியவன், சப்பாத்தைக் கழற்றிக் காலைப் பார்ப்பவன்.

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். இரண்டாம் உலக யுத்தத்தில் 'காட்டு யுத்தம்' என்று பேர் வாங்கிய மலாயாப் போர் பெரும்பகுதி காட்டில் நடக்கவில்லை. வீதியிலும் வீதியோர இறப்பர் தோட்டங்களிலும் நடந்தது. 1942 ஜனவரி 7ஆம் திகதி விடியுமுன் சிலிம் ரிவர் பகுதியில் ஏறத்தாழ 30 யப்பானிய யுத்த தாங்கிகள் தார் வீதி வழியாகவே உள்ளே புகுந்து, 11ஆவது இந்தியப் படைப்பிரிவைச் சிதறடித்தன. வீதியை நேராக்கியபோது கைவிட்ட பழைய வளைவுகள் பற்றைக்குள் மறைந்து கிடந்தன. தடைகளைச் சுற்றிப்போக யப்பானியர் அவற்றைத்தான் பயன்படுத்தினார்கள். அந்த இடத்தைச் செய்யவேண்டுமானால் உங்களுக்குத் தேவை கொடி பின்னிய காடு கிடையாது. நேர்வரிசையில் நட்ட இறப்பர் மரம், பட்டையில் இடது மேலிருந்து வலது கீழாகச் சரியும் பால்வெட்டு, அதன் கீழ் கம்பியில் செருகிய சிரட்டை, வரிசைகளுக்கிடையே நீண்டு போகும் நிழல். யட்டியாந்தோட்டையில் வீட்டு வாசலில் நின்று பார்த்தால் தெரிகிற காட்சி. வெட்டின் சரிவு எந்தப் பக்கம் என்று லண்டன்காரன் புத்தகம் தேடுவான். நம்மில் பால் வெட்டுகிறவர் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார்கள். சிப்பாய்களுக்குப் பச்சைச் சீருடை பூசிவிடாதீர்கள், அது பிறகு வந்தது. சிலிம் ரிவரில் நின்றவர்கள் காக்கி அணிந்தவர்கள்.

மலாயா விழுந்தபின் நேச நாடுகளுக்கு இயற்கை இறப்பர் கிடைத்த முக்கிய இடம் இலங்கை. மரத்தின் ஆயுளைப் பாராமல் மிஞ்சியதையெல்லாம் உறிஞ்சும் கொலைவெட்டு அப்போது நம் தோட்டங்களில் நடந்தது. 11ஆவது கிழக்கு ஆபிரிக்கப் படைப்பிரிவு பர்மாவுக்குப் போகுமுன் காட்டுப் போர்ப் பயிற்சி பெற்றது இந்தத் தீவில். சட்டையில்லாமல் பால் வெட்டியவர்களும் அந்த யுத்தத்தில் இருந்தவர்கள்தான்.

மறுபடி அந்தப் பாலத்துக்கு வருகிறேன். 'மரண ரயில்' என்று பேர்பெற்ற நிஜமான சயாம்–பர்மா ரயில்பாதை 415 கிலோமீற்றர். 1942 நடுப்பகுதியில் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். அது ஓடிய தாய்லாந்தின் காஞ்சனாபுரிப் பக்கம் களனிப் பள்ளத்தாக்கைப் போல எப்போதும் பச்சையாக இராது. மூங்கில் அடர்ந்த, வறட்சியில் இலை உதிர்க்கும் காடு, சுண்ணாம்புக்கல் மலை. எனவே திரைப்படத்தைப் பார்த்து அந்த ரயில்பாதையைச் செய்கிறவர்கள் கித்துல்கலையைச் செய்கிறார்கள். மூங்கில் புதர் இல்லாத மரண ரயில் டயோராமா ஒன்றைக் கண்டால் நான் அங்கேயே புள்ளி குறைப்பேன்.

அதைவிடப் பெரிய பிழை மனிதர்களில் இருக்கிறது. படத்தில் பாலத்தைக் கட்டுவது போர்க்கைதிகள். நிஜத்தில் அந்தப் பாதையில் ஏறத்தாழ 60,000 போர்க்கைதிகள் வேலை செய்தார்கள். ஆசியத் தொழிலாளர் அதைப்போல மூன்று மடங்குக்கு மேல். அவர்களில் மலாயா இறப்பர் தோட்டங்களிலிருந்து வேலை என்று ஆசை காட்டியும் லொறியில் பிடித்தும் கொண்டுபோன தமிழர் பல்லாயிரம். நம் பாட்டன் பூட்டன்மாரைக் கங்காணிகள் இங்கே கூட்டி வந்த அதே திருச்சி, சேலம், புதுக்கோட்டைப் பக்கத்து ஊர்களிலிருந்து அங்கே போனவர்கள். ஒரே ஊரில் ஒரு குடும்பம் நம் தெரணியகலைக்கு, பக்கத்துக் குடும்பம் மலாயாவின் பேராக்குக்கு. 1943 மழைக்காலத்தில் கொலரா வந்தபோது, வைத்தியர் இல்லாத அந்தத் தொழிலாளர் முகாம்களில் கொத்துக் கொத்தாக மடிந்தார்கள். காஞ்சனாபுரி யுத்த மயானத்தில் 6,982 போர்க்கைதிகளின் கல்லறைகள் வரிசையாக, புல் வெட்டி, பூச்செடி வைத்துப் பராமரிக்கப்படுகின்றன. தமிழ்த் தொழிலாளிக்கு அப்படிப் பேர் வெட்டிய கல் கிடையாது. மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்று நாவல் எழுதினார். வாசியுங்கள், காட்சி அமைக்கிறவனுக்கு அது பயன்படும்.

பெட்டியில் வருகிற உருவங்கள் சிப்பாய்கள். அவற்றை மாற்றுவது கஷ்டமில்லை. சப்பாத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு எபொக்சிப் பசையில் வெறுங்கால் வையுங்கள். ரிஷ்யூக் கடதாசியைத் தண்ணீர் கலந்த பசையில் நனைத்துச் சுற்றினால் சாரம். ஒரு கீற்று எடுத்துத் தலையில் கட்டினால் துண்டு. அந்தப் பாதையில் மண் சுமந்தது இரண்டு மூங்கில் கழிகளுக்கிடையே கட்டிய சாக்கில், முன்னே ஒருவரும் பின்னே ஒருவருமாக. அந்தச் சாக்கு தொய்ந்து நிற்கும் வளைவு சரியாக வந்தால் பாரம் தெரியும். வராவிட்டால் இரண்டு பொம்மைகள் கயிறு பிடித்தது போலிருக்கும். பாரத்தால் சாக்கின் மேல்விளிம்பு உள்ளே வளையவேண்டும், சுமப்பவர்களின் தோள்கள் இறங்கவேண்டும்.

தம்பி தங்கைகளே, அடுத்த முறை உங்களில் யாராவது அந்த ரயில்பாதையைச் செய்தால், தாங்கிக்கும் பாலத்துக்கும் எத்தனை மாதம் செலவழித்தாலும் சரி, ஓரமாக மண் சாக்குத் தூக்கும் ஒரு சோடியையும் வையுங்கள். கீழே ஒட்டும் விபரச் சீட்டில் தாங்கியின் மாதிரி இலக்கத்தை எழுதுகிற அதே அளவு எழுத்தில், 'மலாயாத் தோட்டத் தமிழ்த் தொழிலாளர், 1943' என்று எழுதுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால், மலாயாவுக்குப் போன உறவு யாராவது உண்டா என்று இன்றைக்கே கேளுங்கள்.